கபாலா மரச் சுருள்: இதைப் படியெடுத்தவருக்கு எழுதியது புரிந்திருக்குமா?

கேள்வி கேட்டவர் ஓர் ஏலத் தளத்தில் பார்த்த படத்தை விவரித்திருக்கிறார். ஆள் உயரத்தையும் தாண்டும் ஒரு தோல் சுருள், மேலிருந்து கீழாக வட்டங்கள், வட்டங்களுக்குள் பொடிப்பொடியாக எபிரேய எழுத்து. கீழே விற்பவரின் குறிப்பு: "கபாலா மரம், 17ஆம் நூற்றாண்டு, சோஃபர் கையால் எழுதியது." சோஃபர் என்றால் யூத சமயச் சுருள்களை எழுதுபவர். இது யூதர்களின் வேதமான தோராவைப் போன்ற புனிதச் சுருளா, நம் ஊர் யந்திரத் தகட்டைப் போன்ற மந்திரப் பொருளா, இதை எழுதியவருக்கு எழுதுவது இன்னதென்று தெரியுமா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறார். மூன்றும் ஒரே இடத்தில்தான் போய் முடிகின்றன. இந்தச் சுருளைச் செய்தவர் எப்படிப்பட்ட ஆள், அவர் செய்த வேலை எத்தகையது என்பது தெரிந்தால் மற்ற இரண்டும் தெளிந்துவிடும். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நல்ல சுருள்களில் படியெடுத்தவர் வெறும் எழுத்தர் இல்லை. எதை எடுப்பது, எதை விடுவது, எதை எதோடு சேர்ப்பது என்று முடிவு செய்தவர் அவர்தான்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பிய நூலகம் ஒன்றில் தோல், காகிதச் சுவடிகளைப் பழுதுபார்த்துப் பேணும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். எபிரேயம் அந்த வேலைக்காகக் கற்றது. நான் யூதன் அல்லன். கபாலாவை ஆசிரியர் முன் அமர்ந்து பாடம் கேட்டவனும் அல்லன். தோல், மை, கையெழுத்து பற்றி நான் சொல்வது கையால் தொட்டுக் கண்டது. தத்துவம் பற்றிச் சொல்வது படித்து அறிந்தது. இரண்டையும் ஒரே எடையில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தச் சுருளை எபிரேயத்தில் 'இலான்' என்பார்கள், பன்மையில் 'இலானோத்'. மரம் என்று பொருள். கபாலா யூத சமயத்தின் மறைஞான மரபு. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் தெற்கு பிரான்சிலும் ஸ்பெயினிலும் உருப்பெற்றது. எல்லையற்றவனாகிய ஐன் ஸோஃபை மனித அறிவால் எட்ட முடியாது. ஆனால் அவனிடமிருந்து ஸெஃபிராக்கள் எனப்படும் 10 இறைநிலைகள் வழியாக இறையாற்றல் இறங்கி வருகிறது என்பது அதன் அடிப்படை. உச்சியில் கெத்தேர் என்ற மகுடம், அடியில் மல்குத் என்ற அரசு, இடையில் ஞானம், அறிவு, கருணை, கண்டிப்பு, அழகு என்று மற்றவை. ஒவ்வொன்றுக்கும் வேதத்திலிருந்து எடுத்த பல பெயர்கள் உண்டு, ஒன்றுக்கொன்று உறவு உண்டு. இதையெல்லாம் உரைநடையில் படிக்கும் மாணவன் பத்தாவது பக்கத்தில் திணறிப்போவான். எனவே ஒரே தோலில் வரைந்து வைத்தார்கள். அக்காலத்துக் கிறிஸ்தவப் பள்ளிகளில் தர்க்கம் சொல்லித்தர மர வரைபடங்களும், வானியல் சொல்லித்தர வட்டத்துக்குள் வட்டங்களும் புழங்கின. அந்த வரையும் முறையை யூத அறிஞர்களும் கண்டு எடுத்துக்கொண்டார்கள் என்பதே ஆய்வாளர்களின் முடிவு, வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் தோன்றுவதும் அதுதான். பழைய இலான்களில் பெரும்பாலானவை மறுமலர்ச்சிக்கால இத்தாலியில் செய்யப்பட்டவை. வெனிஸில் மருத்துவராகவும் ரப்பி என்ற யூத சமய குருவாகவும் இருந்த எலியா மெனாகெம் ஹல்ஃபான் 1533இல் செய்த இலான் ஒன்று உண்டு. மருத்துவம் படித்த ஒருவர் தன் கையால் உட்கார்ந்து இதைச் செய்கிறார் என்பதே கேள்விக்குப் பாதி விடை.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிட வேண்டும். இணையத்தில் 'ட்ரீ ஆஃப் லைஃப்' என்று தேடினால் வருவது பத்து வட்டங்களும் 22 கோடுகளும் கொண்ட, சுத்தமாக வரைந்த ஒரு படம். அதில் பெரும்பாலும் காணப்படும் அமைப்பு, அத்தனாசியஸ் கிர்ச்சர் என்ற ஜெசுவிட் துறவி ரோமில் 1650களில் அச்சிட்ட பெருநூலின் படத்தை ஒட்டி, பிற்கால ஐரோப்பிய மாந்திரீகக் குழுக்கள் வழியாகப் பரவியது. யூதக் கபாலா அறிஞர்களிடையே ஸெஃபிராக்களை எப்படி அடுக்குவது என்பதில் ஒரே முடிவு இருந்ததில்லை. 16ஆம் நூற்றாண்டில் இன்றைய இஸ்ரேலில் உள்ள ஸஃபேத் நகரில் வாழ்ந்த மோசே கொர்தோவெரோ தம் பெருநூலில் 'வாயில்' எனப்படும் ஒரு முழு அத்தியாயத்தை இந்த அடுக்கும் வரிசைக்கே ஒதுக்கி வாதாடியிருக்கிறார். ஆகவே ஒரு சுருளில் வட்டங்கள் நீங்கள் பார்த்துப் பழகிய இடத்தில் இல்லையென்றால் அது பிழை என்று எண்ணிவிடாதீர்கள்.

இனி தோரா சுருளோடு ஒப்பிடலாம். சோஃபர் என்பவர் சமயச் சட்டப்படி எழுதப் பயின்றவர். தோரா சுருளில் 304,805 எழுத்துகள். ஓர் எழுத்து விடுபட்டாலோ பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொண்டாலோ திருத்தும்வரை சுருள் பொது வாசிப்புக்கு ஆகாது. உண்ணத் தகுந்த விலங்கின் தோலாக இருக்க வேண்டும், கோடு கிழித்து எழுத வேண்டும், மனப்பாடமாக எழுதக் கூடாது, முன்னே இருக்கும் பிரதியைப் பார்த்துச் சொல்லைத் தன் வாயால் சொல்லிவிட்டு எழுத வேண்டும். இறைவனின் பெயர் வரும் ஒவ்வொரு முறையும் அதன் புனிதத்துக்காக எழுதுகிறேன் என்று சங்கல்பம் செய்துகொள்ள வேண்டும். அந்தப் பெயரில் பிழை நேர்ந்தால் சுரண்டக் கூடாது. படம், நிறம், உயிர்க்குறி எதற்கும் இடமில்லை. இறைப்பெயரைச் சுரண்டக் கூடாது என்பதைத் தவிர, இலானுக்கு இந்தச் சட்டங்களில் எதுவும் இல்லை. சதுர எழுத்தில் தலைப்பு, சாய்ந்த விரைவெழுத்தில் விளக்கம், சிவப்பு, பச்சை, சில சமயம் பொன் நிறம், ஓரத்தில் பூவேலை என்று எல்லாம் வரும். தோலில் மட்டுமல்லாமல் காகிதத்திலும் செய்தார்கள். சுருட்டுவதே வேறு மாதிரி: தோரா பக்கவாட்டில் இரண்டு கட்டைகளில் சுருளும்; இலானின் தாள்கள் தலைமாடு கால்மாடாக ஒட்டியோ தைத்தோ இருக்கும், மேலிருந்து கீழாக விரியும். எனவே விற்பவர் 'சோஃபர்' என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. சோஃபராகப் பயின்ற ஒருவர் இலானும் செய்திருக்கலாம், தடை இல்லை. ஆனால் இலான் செய்ய சோஃபராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ரப்பிகள், மருத்துவர்கள், மாணவர்கள் எல்லாரும் செய்திருக்கிறார்கள். இறைப்பெயர்கள் எழுதியிருப்பதால் பழையதாகிப்போன இலானைக் குப்பையில் போடமாட்டார்கள், கெனீஸா எனப்படும் ஒதுக்கிடத்தில் வைப்பார்கள் அல்லது புதைப்பார்கள். பொது வழிபாட்டில் அதற்கு ஓர் இடமும் கிடையாது.

விற்பவர் 17ஆம் நூற்றாண்டு என்கிறார். அந்த நூற்றாண்டில்தான் இலான் கலை அடியோடு மாறியது. காரணம் ஒரே மனிதர், இசாக் லூரியா. 1534இல் பிறந்தவர், 1570இல் ஸஃபேத்துக்கு வந்தார், 1572இல் கொள்ளைநோயில் இறந்தார். அங்கே பாடம் சொன்னது ஏறக்குறைய இரண்டே ஆண்டு. தாமாக எழுதிவைத்தது மிகக் குறைவு. வாயால் சொன்னதை மாணவர்கள் எழுதினார்கள், அவர்களில் தலையாயவர் ஹயீம் வித்தால். வித்தால் தம் ஏடுகளை யாருக்கும் காட்டாமல் பூட்டி வைத்திருந்தார். அவர் நோயில் கிடந்தபோது அவருடைய சகோதரர் பணம் வாங்கிக்கொண்டு 600 தாள்களை இரவல் கொடுத்ததாகவும், 100 பேர் உட்கார்ந்து 3 நாளில் படியெடுத்துவிட்டதாகவும் ஒரு கதை அக்காலத்திலேயே பரவிவிட்டது. எண்களைக் கதைக்கான எண்களாகவே கொள்ள வேண்டும். ஆனால் லூரியாவின் போதனை பரவியது கையெழுத்துப் படிகளால்தான் என்பதில் ஐயமே இல்லை: வித்தாலின் முதன்மை நூலான 'ஏத்ஸ் ஹயீம்' அச்சேறியது 1782இல், இன்றைய உக்ரைனில் உள்ள கோரெட்ஸ் ஊரில். இரண்டு நூற்றாண்டுகள் இந்தப் போதனை கையிலிருந்து கைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு கையும் அதை வரிசை மாற்றியது, சுருக்கியது, வேறு மாணவரின் குறிப்போடு சேர்த்தது. பிராகில் பிறந்து எருசலேமில் வாழ்ந்து 1662இல் மறைந்த மெயிர் பொப்பர்ஸ் இந்த ஏடுகளை ஒழுங்குபடுத்திய பெரியவர். மிகப் பரவலான ஓர் இலான் அவர் பெயரில்தான் வழங்குகிறது.

லூரியா வழி இலான் ஏன் அவ்வளவு நீளம் என்பதும் இதிலிருந்தே புரியும். பத்து வட்டங்களோடு அது நிற்பதில்லை. உச்சியில் ஒரு பெரிய வட்டம்: இறைவன் தன்னைச் சுருக்கிக்கொண்டு உலகுக்கு இடம்விட்ட வெறுமை. அதற்குள் மேலிருந்து ஒரு மெல்லிய கோடு இறங்கும், அந்த வெறுமைக்குள் திரும்ப நுழையும் ஒளி. பிறகு ஆதாம் கத்மோன் என்ற ஆதி உரு, அதன் கண், காது, மூக்கு, வாயிலிருந்து புறப்படும் ஒளிகள், அந்த ஒளியைத் தாங்க முடியாமல் உடைந்த கலங்கள், உடைந்தவற்றைச் சீர்செய்து எழுந்த, இறைத்தன்மையின் ஐந்து 'முகங்கள்', நான்கு உலகங்கள். அண்டம் தோன்றிய முழு வரலாறும் மேலிருந்து கீழாக இறங்குகிறது. சுருளை விரித்துக்கொண்டே போவதும் அந்த இறக்கத்தைப் பின்தொடர்வதும் ஒன்றாகவே நடக்கும். புத்தகப் பக்கங்களில் இந்த அனுபவம் கிடைக்காது.

படியெடுப்பவருக்கு உண்மையான சோதனை வருவது முகங்களில்தான். நூல்கள் நெற்றி, முடி, தாடி என்று உறுப்பு உறுப்பாகப் பேசுகின்றன. தாடிக்கு மட்டும் 13 பகுதிகள் சொல்கின்றன. வேதமோ உருவம் செய்யாதே என்கிறது. கபாலாவின் தலையாய நூலான ஸோஹாரில் இந்தத் தாடியைப் பற்றிப் பேசும் பகுதியே, உருவம் செய்து மறைவில் வைப்பவன் சபிக்கப்பட்டவன் என்ற உபாகமம் 27:15 வசனத்தோடுதான் தொடங்குகிறது. சொல்லவும் வேண்டும், வரையவும் கூடாது என்றால் என்ன செய்வது? சிலர் துணிந்து முகத்தை வரைந்தார்கள். சிலர் வட்டங்களை முகத்தின் அமைப்பில் அடுக்கிக் கண், மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் அந்தச் சொல்லை எழுதினார்கள். சிலர் தாடியின் பகுதிகளைச் சரம்சரமாக இறங்கும் எழுத்து வரிகளாகவே ஆக்கினார்கள். அவற்றுக்கு முன்னால் நிற்கும்போது எனக்கு மனம் நெகிழ்ந்துவிடும். வரையத் தெரிந்த கை, வரையாமல் நின்று எழுத்தாக மாறிக்கொண்ட இடம் அது. இந்த முடிவை ஆளுக்கு ஆள் வேறுவேறாக எடுத்திருக்கிறார்கள் என்பது, எழுதியவர்கள் யோசித்தே எழுதினார்கள் என்பதற்கு ஒரு சான்று.

இன்னொரு சான்று, சுருள்கள் கட்டப்பட்ட விதம். 17ஆம் நூற்றாண்டில் வெவ்வேறு ஆசிரியர்கள் வெவ்வேறு வரைபடங்களை உண்டாக்கினார்கள். பின்வந்தவர்கள் ஒருவரின் மேல்பகுதி, இன்னொருவரின் நடுப்பகுதி, மூன்றாமவரின் அடிப்பகுதி என்று தேர்ந்து இணைத்துப் 'பெரிய மரங்கள்' செய்தார்கள். அப்படி இணைக்கும்போது ஒரே பொருள் இரண்டு தடவை வரும், கணக்கு இடிக்கும், பெயர் மாறும். சிலர் அந்த இடிப்பைச் சரிசெய்திருக்கிறார்கள், சிலர் இரண்டும் இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாக்தாதில் வாழ்ந்த சாசோன் ஷாந்துக் போன்றவர்கள் கையில் இலான் முற்றிலும் புதிய தோற்றமே பெற்றது.

சரி, எழுதியவருக்குப் புரிந்ததா என்பதை ஒரு குறிப்பிட்ட சுருளில் எப்படிக் கண்டுபிடிப்பது? நான் முதலில் பார்ப்பது இறைப்பெயரின் விரிவுகளை. எபிரேயத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் மதிப்பு உண்டு. இறைவனின் நான்கெழுத்துப் பெயரான யோத், ஹே, வாவ், ஹே என்பதில் ஒவ்வொரு எழுத்தின் பெயரையும் விரித்து எழுதும்போது, ஹே, வாவ் இரண்டையும் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் எழுத முடியும். ஹே என்பதை யோத் சேர்த்து எழுதினால் 15, ஹே சேர்த்தால் 10, ஆலெஃப் சேர்த்தால் 6. வாவ் என்பதும் அப்படியே 22, 12, 13. முதல் எழுத்து யோத் எப்போதும் 20. இப்படி நான்கு விரிவுகள் கிடைக்கும், கூட்டுத்தொகை 72, 63, 45, 52. லூரியாவின் முறையில் இந்த நான்கும் நான்கு வேறு நிலைகளைக் குறிக்கும், ஆகவே இலான் முழுக்க இவை திரும்பத் திரும்ப வரும். 72க்கும் 63க்கும் இடையே உள்ள வேறுபாடு, வாவ் என்பதற்குள் யோத் வருகிறதா ஆலெஃப் வருகிறதா என்ற ஒரே எழுத்துதான். பொருள் தெரியாமல் உருவத்தைப் பார்த்து எழுதுகிறவர் இங்கே கண்டிப்பாகச் சறுக்குவார், ஏனென்றால் நான்கும் பார்வைக்கு அவ்வளவு ஒத்திருக்கும். ஒரு சுருள் முழுவதிலும் இந்த விரிவுகள் தத்தம் இடத்தில் பிசகாமல் இருந்தால், எழுதியவர் மனத்தில் கூட்டிக்கொண்டே எழுதியிருக்கிறார் என்றுதான் கொள்ள வேண்டும். பக்கத்தில் 63 என்று எழுதிவிட்டு உள்ளே 72இன் எழுத்துகளை வைத்திருந்தால் சந்தேகப்படலாம். உருவம் ஒத்த எழுத்துகளில் தாலெத்துக்குப் பதில் ரேஷ், ஹேவுக்குப் பதில் ஹெத் போன்ற கைப்பிழைகள் மட்டும் இருந்தால் அது அயர்ச்சி, தெரிந்தவருக்கும் நேரும்.

அடுத்துப் பார்ப்பது கவராயத்தின் முள் பதிந்த துளை. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் அது தெரியும். துளைகள் எல்லாம் நேர்கோட்டில் நின்று, வட்டங்கள் உள்ளே வரும் வாசகத்தின் அளவுக்கேற்பப் பெரிதும் சிறிதுமாக இருந்தால், வாசகத்தை முன்பே அளந்து திட்டமிட்டவர் செய்தது. எல்லா வட்டமும் ஒரே அளவில் இருந்து, எழுத்து போகப்போகச் சிறுத்து, கடைசியில் வட்டத்துக்கு வெளியே வளைந்து ஓடினால், முதலில் வட்டங்களைப் போட்டுவிட்டுப் பிறகு எழுத உட்கார்ந்தார் என்று தெரியும். மாசிக்காய்ச் சாறு, அன்னபேதி, பிசின் கலந்த கறுப்பு மையே பெரும்பாலும் இருக்கும். நாள்பட நாள்பட அது பழுப்பாகும், தடித்து விழுந்த இடங்களில் தோலையே அரிக்கும். செம்பிலிருந்து எடுக்கும் பச்சை இன்னும் பொல்லாதது: வட்டத்தின் ஓரம் முழுக்கப் பின்பக்கம் கருகி, தொட்டால் வட்டம் தனியாகக் கழன்று வந்துவிடும் நிலையில் சில சுருள்களைப் பார்த்திருக்கிறேன்.

மந்திரப் பொருளா என்ற கேள்விக்கு: அடிப்படையில் இது கற்பவருக்கானது. நூலைப் படித்துக்கொண்டே கண்ணால் பின்தொடரவும், மனத்தில் நிறுத்தவும், பார்த்துத் தியானிக்கவும் செய்த வரைபடம். வரைந்த உருவுக்கே சக்தி உண்டு, பூசித்தால் பலன் தரும் என்ற எண்ணம் பெரிய இலான்களுக்குப் பின்னால் இல்லை. அந்த வகையில் யந்திரத் தகட்டோடு ஒப்பிடுவது பொருந்தாது. ஆனால் விதிவிலக்கு இருக்கிறது. இலானைச் சிறியதாக்கி, சுருட்டி, உடலோடு வைத்துக்கொள்ளும் தாயத்தாகச் செய்ததும் உண்டு. அவற்றில் எழுத்து படிக்க முடியாத அளவுக்குப் பொடியாக இருக்கும், படிப்பதற்கென்று செய்யாததால். கேள்வியில் சொன்ன அளவைப் பார்த்தால் ஏலத்துக்கு வந்தது அந்த வகை இல்லை.

எங்கே உறுதி தளர்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பெரியவர் பெயரில் வழங்கும் இலானை அவரே உண்டாக்கினார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பொப்பர்ஸ் பெயரும் அப்படிப் பல சுருள்களில் ஏறியிருக்கிறது. இறுதியில் பெயர், ஊர், ஆண்டு எழுதிவைத்த சுருள்கள் இருக்கின்றன, இல்லாதவையும் நிறைய. ஆண்டு எழுதியிருந்தாலும் அது மூலப்படியின் ஆண்டாக இருக்கலாம், படியெடுத்தவர் அதையும் சேர்த்து எழுதியிருப்பார். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் கிழக்கு ஐரோப்பாவிலும் ஈராக்கிலும் செய்த படிகள் பழைய மூலத்தை அப்படியே பின்பற்றுவதால், உள்ளடக்கத்தை மட்டும் வைத்து 17ஆம் நூற்றாண்டு என்று சொல்வது நடக்காத காரியம். தளத்தில் போட்ட ஒரு படத்தைப் பார்த்து நூற்றாண்டு சொல்பவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள், நான் சொன்னாலும் நம்பாதீர்கள். கையெழுத்தின் பாணி, தோலின் பதம், காகிதமென்றால் நீர்க்குறி, இவை நேரில்தான் தெரியும்.

ஆர்வம் இருந்தால், வாங்குவதற்கு முன் பாருங்கள். ஹைஃபா பல்கலைக்கழகத்தில் ஜே. எச். ஹயேஸ் தலைமையில் இலான்களுக்கென்றே ஓர் ஆய்வுத் திட்டம் நடக்கிறது. ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து சுருள்களை இணையத்தில் வாசகம் வாசகமாகத் திறந்து வைக்கும் பணியையும் செய்திருக்கிறார்கள். டெல் அவிவில் உள்ள கிராஸ் குடும்பத்தின் சேகரிப்பிலும் பல இலான்கள் உள்ளன, அவற்றின் படங்களும் இணையத்தில் கிடைக்கின்றன. உங்கள் சுருளின் படத்தை இவற்றோடு வைத்துப் பார்த்தால் எந்தச் சுருள் வகையைச் சேர்ந்தது என்பது ஓரளவு பிடிபடும். விற்பவரிடம் சுருளின் பின்பக்கம், தாள்கள் ஒட்டிய இடங்கள், முதல் வரி, கடைசி வரி ஆகியவற்றின் தெளிவான படங்களைக் கேளுங்கள். அதைவிட முக்கியம், இந்தச் சுருள் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற ஆவணம். நாஜிகள் ஐரோப்பாவின் யூத நூலகங்களையும் தொழுகைக்கூடங்களையும் கொள்ளையடித்தார்கள். 1950, 51இல் ஈராக்கை விட்டுப் போன யூதர்கள் சொத்தை விட்டுவிட்டுத்தான் போனார்கள். அந்த வழியில் சந்தைக்கு வந்த ஏடுகள் இன்றும் ஏலத்தில் கைமாறுகின்றன. ஆவணம் காட்ட முடியாத சுருளை, எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் வாங்கமாட்டேன். நீங்களும் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.